நீலப் பெட்டிக்குள் இருந்த லினக்ஸ்

வீட்டுக்கு இணைய இணைப்பு ஒன்று, கம்ப்யூட்டர்கள் மூன்று. எப்படிப் பகிர்வது? இன்று கடையில் ஒரு ரவுட்டர் வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. 1990களில் அவ்வளவு சுலபம் இல்லை.

அப்போது லினக்ஸ் தெரிந்தவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒதுக்கிப் போட்ட 486 கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று வெளியே இணையத்துக்கு, இன்னொன்று வீட்டுக்குள். நடுவில் லினக்ஸ் செய்த வேலைக்குப் பெயர் 'மாஸ்கரேடிங்', அதாவது மாறுவேடம். ஹாஸ்டலுக்கு முகவரி ஒன்றுதான். வரும் கடிதத்தை எந்த அறைக்குக் கொடுப்பது என்று வார்டன் நோட்டில் குறித்து வைத்துக்கொள்வார் இல்லையா? அதே கதைதான். இதை ஒரே ஒரு ஃபிளாப்பியில் அடக்கிக் காட்டியது 'லினக்ஸ் ரவுட்டர் புராஜெக்ட்'. ஹார்ட் டிஸ்க்கும் சாம்பா மென்பொருளும் சேர்த்தால் அந்தப் பழைய கம்ப்யூட்டரே வீட்டு ஃபைல் சர்வரும் ஆகிவிடும்.

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான வயர்லெஸ் ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003-ல் சிஸ்கோ சுமார் 50 கோடி டாலர் மதிப்பில் லிங்க்சிஸை வாங்கியது. அதே ஜூன் மாதம் லினக்ஸ் நிரலாளர்களின் மடற்குழுவில் ஒருவர் எழுதினார்: இந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ், ஆனால் மூல நிரலைத் தரவில்லையே!

இதில் என்ன தப்பு? லினக்ஸ் 1992 முதல் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ராயல்டி கிடையாது. முக்கிய நிபந்தனை, வாங்குகிறவருக்கு மூல நிரலும் கிடைக்க வேண்டும். வணிகவியல் பாடத்தில், ஒரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் கடன்களும் கூடவே வரும் என்று படிக்கிறோம். சிஸ்கோவுக்கு வந்த இந்தக் கடன் பணமாக இல்லை, கடமையாக இருந்தது.

கேள்விகள் குவிந்தபின் 2003 ஜூலையில் நிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் பிறந்தது. டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ என்று இன்னும் சில வந்தன. சாதாரண வீட்டு ரவுட்டரில், கம்பெனி தராத வசதிகளை எல்லாம் ஜனங்கள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள்.

2005-ல் லிங்க்சிஸ் செலவைக் குறைத்தது. ஐந்தாம் பதிப்பில் மெமரி 16 எம்பியிலிருந்து 8 எம்பி ஆனது, லினக்ஸ் போய் விஎக்ஸ்வொர்க்ஸ் வந்தது. ஆனால் லினக்ஸ் கேட்கும் கூட்டமும் வாடிக்கையாளர்தானே! பழைய அமைப்பையே 'ஜிஎல்' என்ற பெயரில் தனியாக விற்றார்கள் :-)

பிரச்சினை அதோடு தீரவில்லை. பல லிங்க்சிஸ் சாதனங்களுக்காக 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. 2009 மே மாதம் சமரசம் ஆனது. உரிமம் ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்று பார்க்கத் தனி அதிகாரியை நியமிக்க சிஸ்கோ ஒப்புக்கொண்டது.

ஒரு ரவுட்டருக்குக் கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்டால், அதன் பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே இருக்கும். நிரல் நம் கையில் இருந்தால் வேறு யாராவது அடைக்கலாம். இல்லையென்றால் நன்றாக ஓடும் பெட்டியும் குப்பைதான். 2024 நவம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டி குழுவினர் 'ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்' என்று தங்களுக்கென்றே ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்தார்கள். அடுத்த முறை ரவுட்டர் வாங்கும்போது விலை, வேகத்தோடு இதையும் கேளுங்கள்: இதில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடுமா?