கட்டுரை தேடப் பிறந்த வெப்சைட்

நைட் டியூட்டியில் ஒரு மருத்துவக் கட்டுரையைத் தேடிப் பாருங்க. பாதி நேரம் பணம் கட்டினால்தான் திறக்கும். துகள் இயற்பியல்காரங்களுக்கு இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. ஏன் தெரியுமா?

ஜர்னலில் அச்சாக மாதக்கணக்கில் ஆகும். அதனால் கட்டுரையின் நகலை முன்கூட்டியே தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். பேர் பிரீபிரிண்ட். பெரும்பாலும் பெரிய ஆய்வகங்களுக்குத்தான் போகும். சின்ன ஊர்க் கல்லூரிக்கு யார் அனுப்புவாங்க?

கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வக நூலகர்கள் வந்த நகலையெல்லாம் பொறுமையா பட்டியல் போட்டார்கள். 1974ல் அது ஸ்பைர்ஸ் என்ற கணினித் தரவுத்தளமானது.

1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸில் பால் கின்ஸ்பார்க் ஒரு சர்வர் வைத்தார். மெயில் போட்டால் கட்டுரையே வந்துவிடும். அதுதான் இன்றைய ஆர்கைவ். அதே டிசம்பரில் ஸ்பைர்ஸில் தேடுவதற்காக ஸ்லாக்கில் பால் குன்ஸ் ஒரு வெப் சர்வர் நிறுவினார். நூலகர் லூயிஸ் அடிஸ் விடாமல் ஊக்கப்படுத்தினார். அமெரிக்காவின் முதல் வெப் சர்வரே அதுதான். படம் பார்க்க இல்லீங்க, கட்டுரை தேட!

ஸ்பைர்ஸின் வாரிசு இன்ஸ்பயர். ஒரு கட்டுரையை யாரெல்லாம் மேற்கோள் காட்டினாங்க என்பது வரை காட்டும். கட்டணம் கிடையாது. வீட்டில் இயற்பியல் படிக்கிற பிள்ளை இருந்தா சொல்லிவிடுங்க. பிரீபிரிண்ட் இன்னும் சக நிபுணர்கள் சரிபார்க்காதது என்பதையும் சேர்த்து.

மருத்துவத்துக்கென்று மெட்ஆர்கைவ் வந்தது 2019ல். கொரோனாவுக்குச் சில மாதம் முன்னாடி.