மணலுக்குள் வளரும் கரு

தமிழகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நம்மவர் பலருக்கு அந்தமான் என்றவுடன் போர்ட் பிளேயரே நினைவுக்கு வரும். அதற்குத் தெற்கே லிட்டில் அந்தமான் தீவில் ஹட் பே என்னும் துறை உண்டு. அத்தீவின் தெற்கு, மேற்குக் கரைகளில் கடலாமைகளுள் மிகப் பெரியதாகிய ஏழுவரி ஆமை இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, முட்டைகளைப் புதைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. சுமார் 2 மாதங்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. இடைக்காலத்தில் முட்டைக்குள் நிகழ்வது யாது? இவ்வினாவின் வரலாறு மிக நீண்டது.

ஆமை தன் முட்டைகளை மணலில் மறைத்துப் புதைப்பதை அகநானூற்றின் 160-ஆம் பாடல் கூறுகிறது. குஞ்சு பொரிக்கும்வரை ஆண் ஆமை காத்திருக்கும் என்றும் அப்பாடல் சொல்லும். உண்மையில் காவலிருப்பார் எவருமிலர். கரு தனித்தே வளர்கிறது.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் கோழி முட்டைகளை வெவ்வேறு நாட்களில் உடைத்து நோக்கினார். மூன்று நாட்களுக்குப் பின் குருதிப் புள்ளிபோல் இதயம் துடிப்பதைக் கண்டார். பிற்காலத்தில் அறிஞர் பலர், முழு உருவமும் தொடக்கத்திலேயே சிறு வடிவில் அமைந்துள்ளது என நம்பினர். 1759-இல் உல்ஃப் அதனை மறுத்தார்; உறுப்புகள் படிப்படியாகவே உருவாகின்றன என்றார். 1817-இல் பாண்டர் கோழிக்கருவில் மூன்று படலங்களைக் கண்டார். தோலும் நரம்பும், தசையும் எலும்பும், குடலும் பிறவும் இம்மூன்றிலிருந்தே தோன்றுகின்றன. 1827-இல் ஃபான் பேயர் பாலூட்டிகளின் சினைமுட்டையைக் கண்டறிந்தார்.

கடலாமையின் கருவில் மற்றொரு விந்தையும் உண்டு. தாயின் வயிற்றிலேயே அது பல உயிரணுக்களாகப் பிரிந்து, படலங்கள் உருவாகத் தொடங்கும் நிலையில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. முட்டைக்குழாயில் பிராணவாயு மிகக் குறைவு என்பதே காரணம். முட்டையிட்டபின் காற்றுப் படவே, சில மணி நேரத்தில் வளர்ச்சி மீண்டும் தொடங்கும். பின்னர் கரு முட்டையின் மேற்பக்கத்தில் ஓட்டையொட்டிப் பற்றிக்கொள்ளும். அவ்வேளையில் முட்டையைப் புரட்டினால் மென்மையான படலம் கிழிந்து கரு இறந்துபோகும்.

இவ்வறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. சென்னைக் கடற்கரையில் 1970-களில் தொடங்கிய இரவு நடைகளில், நாய்களிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் பங்குனி ஆமையின் முட்டைகளைக் காப்பவர்கள், அன்றிரவே அவற்றை மெல்ல எடுத்துப் பாதுகாப்பான மணற்குழியில் புதைக்கின்றனர். மணலின் வெப்பமும் முக்கியமாகும்: சுமார் 29 பாகைக்கு மேல் சூடேறினால் பெண் குஞ்சுகளே மிகுதியாகும், குளிர்ந்தால் ஆண் குஞ்சுகள் மிகுதியாகும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை லிட்டில் அந்தமானின் ஆமைக் கரைகளை அரித்தழித்தது. மணல் மெல்ல மீண்டும் சேர்ந்தது, ஆமைகளும் திரும்பின. 2008 முதல் ஆராய்ச்சியாளர்கள் அங்கே அவற்றைக் கணக்கெடுத்து வருகின்றனர். நேயர்களே, கடற்கரையில் ஆமை முட்டையைக் கண்டால் ஆவலினால் அதைப் புரட்டிப் பார்க்காதீர்கள். அங்கே ஓர் உயிர் இப்பொழுதுதான் விழித்தெழுந்திருக்கலாம்.