ஒலியில் ஒடுங்கும் உள்ளம்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை நம்மில் பலருக்குப் பழகிய வழி. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கர் பரப்பில் தொடங்கிய எலெக்ட்ரானிக் சிட்டி அவ்வழியில்தான் இருக்கிறது. பிழைப்பை நாடி அங்குக் குடியேறிய தமிழர்தம் மக்களை மாலைதோறும் விளையாட்டுத் திடல்களில் காண்கிறோம். பயிற்சியில் பிழையின்றி ஆடும் பிள்ளை போட்டியன்று தடுமாறுவது ஏன்? கை பழகியிருந்தும் மனம் பதறுகிறது. ஒலியைத் துணைகொண்டு அம்மனத்தை நிலைநிறுத்த இயலுமா? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றில் பெங்களூருக்கும் பங்குண்டு.

இசை உடலை ஊக்கும் என்பதை உழைப்பாளர் என்றும் அறிவர். ஏற்றம் இறைத்தவரும் தோணி வலித்தவரும் பாட்டோடுதான் வேலை செய்தனர். 1911ஆம் ஆண்டில் லியோனார்டு ஏர்ஸ் என்னும் அமெரிக்கர் இதனை எண்களால் காட்டினார். நியூயார்க்கில் நடந்த ஆறுநாள் சைக்கிள் பந்தயத்தில், பாண்டு வாத்தியம் முழங்கியபோது வீரர்கள் மணிக்கு 19.6 மைல் வேகத்தில் சென்றனர். அது ஓய்ந்தபோது வேகம் 17.9 மைலாகக் குறைந்தது.

ஆனால் விரைவு வேறு, நிதானம் வேறு. வில்லாளிக்கும் துப்பாக்கி சுடுபவருக்கும் வேண்டுவது பதற்றமற்ற விழிப்பு. பெங்களூரில் யோக ஆராய்ச்சி நடத்திய ஷெர்லி டெல்லஸ், நாகரத்னா, நாகேந்திரா ஆகியோர் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓங்காரத்தை மனத்துள் ஒலித்துத் தியானித்த, பயிற்சி மிக்க எழுவரின் இதயத்துடிப்பு தணிந்தது. உடல் தளர்ந்திருந்தும் உள்ளம் விழித்திருந்தது என்று அவர்கள் கருதினர்.

2001இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் குழுவினரும் 23 பேரை ஆராய்ந்தனர். கிறித்தவ ஜெபமாலை வழிபாடாயினும் யோக மந்திரமாயினும், ஓதியவரின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாகச் சீர்ப்பட்டது. எனவே பயனின் வேர் நீண்டு அடங்கும் மூச்சில் இருக்கிறது எனலாம். 2011இல் ஓசூர்ச் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையம் 12 பேரின் மூளையைப் படமெடுத்தது. ஓங்காரத்தை ஒலித்தபோது அச்சம் முதலிய உணர்ச்சிகளுக்குரிய பகுதிகளின் இயக்கம் தணிந்தது. ‘ஸ்ஸ்’ என்னும் வெற்றொலியால் அவ்விளைவு உண்டாகவில்லை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இவை சிலரிடம் மட்டும் செய்த சிற்றாய்வுகள். விளையாட்டு வீரரை வைத்துச் செய்தவையும் அல்ல. ஒலித்தியானம் பதக்கம் ஈட்டித் தரும் என்று எவரேனும் கூறினால் நாம் நம்பிவிடுதல் கூடாது. திடலில் சிந்தும் வியர்வைக்கு ஈடு ஏதுமில்லை. ஆனால் போட்டிக்கு முன் பிள்ளை சிறிதுநேரம் கண்மூடி, தனக்குப் பிடித்த ஒலியை மெல்ல நீட்டி ஒலித்தால் மூச்சு சீராகும். கடிந்து பேசி அனுப்புவதினும், அவ்வமைதியைத் தந்து அனுப்புவதே பெற்றோராகிய நமக்குத் தக்கது.