நாள், நாடு, நல்

1905-ல் ஸோல் நகரத்தில் ஒரு புத்தகம் அச்சாயிற்று. கொரிய மொழிக்கும் இந்தியாவின் திராவிட மொழிகளுக்குமான ஒப்பிலக்கணம். எழுதியவர் ஹோமர் ஹல்பர்ட், அமெரிக்கர். 1886-ல், இருபத்து மூன்று வயதில், கொரிய அரசர் தொடங்கிய பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். அவருக்கு முன்பே பிரெஞ்சுப் பாதிரிமார்களுக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. 1874-ல் பாரிஸில் வெளிவந்த தாலேயின் கொரியத் திருச்சபை வரலாற்று நூலின் நீண்ட முன்னுரையில் தமிழோடு ஒப்பீடு வருகிறது. ஆனால் ஒரு முழு நூலாக வாதத்தை நிறுத்தியவர் ஹல்பர்ட்தான். கொரியர்களில் தெற்குப் பகுதியினர் வடக்கிலிருந்து இறங்கியவர்கள் அல்ல, கடல் வழியே தெற்கிலிருந்து ஏறியவர்கள் என்பது அவர் கட்சி. அவர் மேஜையில் இருந்த திராவிடம் கால்டுவெல்லின் திராவிடம்.

நூற்றிருபது வருஷத்துக்குப் பிறகு அந்தப் புத்தகத்தைப் படிக்காமலே அதன் முடிவு மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கொரியத் தொடர் ஒன்றில் பெண் ‘அப்பா’ என்று கூப்பிட்டதும் நம் வீடுகளில் ஒரு சிலிர்ப்பு. நானும் சிலிர்த்தவன்தான். ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன்: நாள் என்பதற்கு ‘நல்’, புல்லுக்கு ‘புல்’, நான் என்பதற்கு ‘நா’, நீ என்பதற்கு ‘நொ’. நாற்பது தேறியது. கூடவே ராணி ஹோ கதை. கி.பி. 48-ல் ‘அயுத’ என்ற தேசத்திலிருந்து கப்பலில் வந்து கயா அரசனை மணந்தவள் என்று 13-ம் நூற்றாண்டின் ‘ஸாம்குக் யூஸா’ சொல்கிறது. அந்த ‘அயுத’ அயோத்தி என்று அயோத்தியில் 2001-ல் நினைவுச் சின்னமே எழும்பிவிட்டது. இல்லை, அது கன்யாகுமரிப் பக்கம் என்று நம்மவர்கள். ஆயிரத்து இருநூறு வருஷம் கழித்து ஒரு பிக்ஷு எழுதி வைத்த ஊர்ப்பெயருக்கு இவ்வளவு பாத்யதை.

நோட்டை மூட வைத்தது ஒரு கோழி.

நான் வேலை பார்க்கும் பாடாலூர், திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் இருக்கிறது. சாலையில் கொரியக் கார்கள் போகின்றன. கவுண்ட்டரில் தெலுங்கு கேட்கிறது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்த குடும்பங்கள் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நிறைய. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள். என்னிடம் தமிழ், தங்களுக்குள் தெலுங்கு. ஒரு நாள் ஒரு பெரியவர், கணக்கில் நாலாயிரம் சொச்சம் வைத்திருப்பவர், மனைவியிடம் ‘ஒக கோடி’ என்று ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, “கோழி சார், ஒரு கோழி” என்றார். அடுத்து, தவணை பாக்கி எத்தனை என்று அந்த அம்மாள் கேட்டதற்கு ‘ஏடு’ என்றார். ஏழு.

கோழி கோடி, ஏழு ஏடு. நம் ழகரம் போகிற இடத்தில் அவர்களுக்கு ட வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. இதுதான் என் நாற்பது சொற்களில் இல்லாதது. அவன் என்பது வாடு, இவன் என்பது வீடு, அவர் வாரு, உரல் ரோலு, உள் லோ. முதல் கேள்வியில் இவற்றில் எதுவும் உறவாகவே தெரியாது. ஆனால் இரண்டாவது இடத்திலிருந்த மெய் முன்னால் வந்து, முதலில் நின்ற உயிர் அதன் பின்னே நீண்டு ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்துவிட்டால் எல்லாம் ஒரே கதவில் நுழைகின்றன. ஜாடை தெரியாத இடத்தில் உறவு நிரூபணமாகிறது. ஜாடை தெரிகிற ‘அப்பா’வில் ஆவதில்லை. குழந்தையின் உதட்டில் முதலில் கூடிவரும் ஒலிகளை எல்லாத் தேசத்துப் பெற்றோரும் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள் என்று ரோமன் யாக்கப்ஸன் விளக்கியிருக்கிறார். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா. இதை வைத்து நாம் அங்கே எந்த முறை கொண்டாடுவது?

இந்த வித்தியாசத்தை நம் மண்ணில் முதலில் உணர்ந்தவர் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ். தெலுங்கு ஸம்ஸ்கிருதத்தின் வழிவந்தது என்பது அப்போது கல்கத்தாவின் அபிப்ராயம். வில்லியம் கேரியும் அதையே எழுதியிருந்தார். 1816-ல் காம்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லிஸ் ஒரு முன்னுரைக் குறிப்பு எழுதினார். பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தெலுங்குத் தாதுக்களை ஸம்ஸ்கிருதத் தாதுக்களின் பக்கத்தில் நிறுத்தி ஒட்டவில்லை என்று காட்டினார். பிறகு தமிழ், கன்னடத் தாதுக்களோடு நிறுத்தி ஒட்டுவதைக் காட்டினார். கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முந்தைய காரியம். மூன்றே வருஷத்தில் ராமநாதபுரத்தில் தவறுதலாக விஷம் உள்ளே போய்ச் செத்தார். திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயத்துக்காக அவரைப் பேசுகிறோம். இந்தக் குறிப்புக்காக எவ்வளவு பேசினோம்?

எல்லிஸின் வழியிலேயே கொரியத்தையும் நிறுத்திப் பார்க்கலாம். கண் – தெலுங்கில் கன்னு, பல் – பல்லு, நீர் – நீரு, செவி – செவி, கை – சேயி. கொரியத்தில் முறையே நுன், இ, முல், க்வி, சொன். இரண்டு என்பது துல். ‘நாள் – நல்’ ஜோடியையும் இங்கேதான் சோதிக்க வேண்டும். தெலுங்கில் அது நாடு. ‘ஈநாடு’ பத்திரிகையின் பெயரில் இருக்கிறதே, இந்த நாள், அந்த நாடு. நம் ள அங்கே ட ஆனதற்கு வழி உண்டு. கொரியத்தின் ல எந்த வழியில் வந்தது என்று காட்ட இன்னும் பத்து ஜோடி அதே தடத்தில் வந்தாக வேண்டும். 1984-ல் கிளிப்பிங்கர் என்பவர் 408 ஜோடிகளோடு ஒலி விதிகளையும் தந்து ஹல்பர்ட்டை உயிர்ப்பிக்க முயன்றார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஒப்பவில்லை. கொரிய லிபி பிறந்து பிரகடனமானது 1446-ல். அதற்கு முந்தைய கொரியம் சீன எழுத்துகளின் அடியில் புதைந்து, கொஞ்சமாகத்தான் கிடைக்கிறது. இத்தனை பெரிய இருட்டில் எந்த ஜோடியும் சேரும்.

ஹல்பர்ட்டைக் கேலி செய்யவும் மனம் வரவில்லை. அவரை மயக்கியது வெறும் சொல் அல்ல, வாக்கியம். ‘நான் நேற்றுப் பார்த்த ஆள்’ – தெலுங்கில் ‘நேனு நின்ன சூசின மனிஷி’, கொரியத்தில் ‘நெகா ஒஜெ பொன் சராம்’. வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை. ஆங்கிலத்தில் பிறந்தவனுக்கு இது ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் துருக்கியும் ஜப்பானியமும்கூட இப்படித்தான் பெயரெச்சம் போடுகின்றன. தவிர, நம் ‘வந்தான்’ போல, தெலுங்கின் ‘வச்சாடு’ போல, வந்தவன் யார் என்று கொரிய வினை சொல்வதில்லை.

அவருடைய வருஷம் இன்னொரு விஷயத்தைச் சொல்கிறது. 1905-ல்தான் ஜப்பான் கொரியாவைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. அரசரின் முறையீட்டை வாஷிங்டனுக்குச் சுமந்து போனவர் இதே ஹல்பர்ட். அங்கே கதவு திறக்கவில்லை. 1910-ல் ஜப்பான் நாட்டையே இணைத்துக்கொண்டது. அதே வருஷம் கனஸாவா ஷோஸபுரோவின் புத்தகம் டோக்கியோவில் வந்தது: கொரியம் ஜப்பானியத்தின் ஒரு கிளை. மூலமும் கிளையும் என்று சொல்லிவிட்டால் இணைப்பு ஆக்கிரமிப்பு ஆகாது, குடும்பம் சேர்ந்ததாகிவிடும். உறவு கொண்டாடுவது சொத்துக் கேட்பதாக மாறுகிற இடம் இது.

நமக்கு இது அந்நிய சமாசாரம் அல்ல. தெலுங்கு தமிழிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் சொல்லாதவர் குறைவு. சுந்தரம் பிள்ளை 1891-ல் பாடியதில் அந்தக் கருத்து உண்டு. 1970-ல் அரசு வாழ்த்தாக எடுத்தபோது அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள், நல்லதாயிற்று. பாட்டில் விட்டார்களே தவிர மனசில் விடவில்லை. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1961-ல் தெலுங்கு வினையடிகளை ஆராய்ந்து வெளியிட்ட நூலும், 2003-ல் எழுதிய பெரிய நூலும் காட்டுவது வேறு. தெலுங்கு கோண்டி, கூயி மொழிகளோடு ஒரு கிளை. தமிழ் கன்னடத்தோடும் மலையாளத்தோடும் இன்னொரு கிளை. இரண்டும் இன்று இல்லாத ஒரு மூலத்திலிருந்து வந்தவை. சகோதரி, மகள் அல்ல. இந்தச் சின்னத் திருத்தத்தை ஏற்க முடியாத நாம், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு ‘அப்பா’வைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். அங்கே உரிமை கேட்க ஆளில்லை, செலவில்லாத பாசம்.

பெரியவரின் தெலுங்கு எழுத்தில்லாத தெலுங்கு. அவருக்கு ஆந்திரப் பத்திரிகை படிக்க வராது. பேரன் புரிந்துகொள்கிறான், தமிழில் பதில் சொல்கிறான். ஹைதராபாத்துக்காரர்கள் விட்டுவிட்ட சில வார்த்தைகள்கூட இப்படிப்பட்ட வீடுகளில் தங்கியிருக்கலாம். போய்க் கேட்டால்தான் தெரியும்.

நோட்டின் கொரியப் பக்கங்களைக் கிழிக்கவில்லை. பின்பக்கத்திலிருந்து வேறொரு பட்டியல் ஆரம்பித்திருக்கிறேன். கூட்டமில்லாத மத்தியானங்களில் பெரியவர் வந்தால் கேட்பது. உரலுக்கு ரோலு என்றார். உலக்கைக்கு என்ன என்றேன். அவர் மனைவி முந்திக்கொண்டு, ‘ரோகலி’ என்றாள்.