நியூயார்க் கைவிட்ட பிரிவு

அந்தக் காலத்தில் காரைக்குடிப் பக்கத்துப் பையன் பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வட்டிக்கடைத் தொழில் பார்க்க) போனால் முதலில் பெட்டியடிப் பையன். கணக்குப் பிடிபட்டால் அடுத்தாள், பிறகு கடையையே நடத்தும் மேலாள். மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். இரண்டு மூன்று கணக்கு முடித்த மேலாளுக்கு எந்த நிலத்துக்காரர் நாணயமானவர், எந்த ஊரில் என்ன வட்டி என்பதெல்லாம் அத்துபடி. அவரே கொஞ்சம் முதல் சேர்த்து, சொந்த விலாசத்தில் எதிர்வரிசையில் கடை போட்டால்?

கோர்ட்டுக்குப் போய்ப் பயனில்லை. முதலாளி போன கடல்வழியிலேயே ஒரு சட்டப் பிரிவும் பர்மாவுக்குப் போயிருந்தது: இந்திய ஒப்பந்தச் சட்டம், 27. முறையான தொழில் எதையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது. தொழிலை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்தப் பிரிவின் பூர்வீகம் நியூயார்க். டேவிட் டட்லி ஃபீல்டு என்ற வழக்கறிஞரின் சிவில் சட்ட வரைவில் இருந்தது. அந்த மாநிலம் கடைசிவரை அந்த வரைவை ஏற்கவில்லை. சொந்த ஊரில் விலைபோகாத சரக்கு 1872-இல் இரண்டு இடங்களில் விலைபோனது: ஒன்று கலிபோர்னியா, மற்றொன்று இந்தியா. சிலிக்கான் பள்ளத்தாக்கில் பொறியாளர்கள் தாராளமாக நிறுவனம் மாற முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சட்ட ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. வேடிக்கை என்னவென்றால், நம்மை ஆண்ட இங்கிலாந்தில் நியாயமான அளவில் தடை போட்டால் அது செல்லும். இங்கே அந்தச் சலுகைகூடக் கிடையாது.

அது உறுதியானது 1874-இல், கல்கத்தாவில். ஒரே வட்டாரத்தில் இரண்டு கடைக்காரர்கள். நீ கடையை மூடு, பணம் தருகிறேன் என்றார் ஒருவர். மற்றவர் மூடினார்; பணம் வரவில்லை. வழக்குப் போட்டவருக்குத் தலைமை நீதிபதி ரிச்சர்டு கவுச் சொன்ன பதில், அந்த ஒப்பந்தமே செல்லாது என்பது. ஒரு தெருவுக்கு மட்டுமான தடையும் தடைதான். கடையும் போச்சு, காசும் போச்சு.

பிறகு பிரிவு கடல் தாண்டியது. பர்மா இந்தியாவோடு சேர்ந்திருந்ததால் தானாகவே வந்தது. பேராக், சிலாங்கூர் பக்கம் 1899-இல் நுழைந்து, இன்று மலேசிய ஒப்பந்தச் சட்டத்தில் 28-ஆம் பிரிவாக இருக்கிறது. சிங்கப்பூரில் ஆங்கிலேயச் சட்டம், இலங்கையில் ரோமன்-டச்சுச் சட்டம். எல்லா இடத்திலும் செட்டிநாட்டார் கொடுக்கல் வாங்கல் இருந்தது. நியாயம்தான் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறியது.

மேலாளைக் கட்டிப்போட, செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் சட்டத்தை நம்பியிருந்ததாகவும் தெரியவில்லை. மேலாள் பெரும்பாலும் உறவுக்காரர், இல்லையென்றால் தங்கள் ஒன்பது கோயில் பிரிவுகளுக்குள் பெண் கொடுத்து எடுக்கும் வட்டத்தில் இருப்பவர். கடைக்குக் கடை பணம் புரளும் தொழிலில் பேர் கெட்டவருக்கு யார் பணம் தருவார்? போதாக்குறைக்கு, முதலாளிகளில் பலரும் ஒரு காலத்தில் மேலாளாக இருந்து வந்தவர்களே.

1958-இல் சட்ட ஆணையம் இந்தப் பிரிவைத் தளர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. அரசு கை வைக்கவில்லை. 1967-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: ஒப்பந்தக் காலம் முடியும்வரை போட்டி ஆலைக்குப் போகாதே என்று தடுக்கலாம். கல்யாணில் உள்ள செஞ்சுரி ரேயான் ஆலையில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தை நடுவில் விட்டுப்போன ஒருவரின் வழக்கு அது. 2025-இல் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது அதே நீதிமன்றம். வேலையில் இருக்கும் காலத்தைப் பற்றிய நிபந்தனை என்பதால் 27 அதைத் தொடவில்லை. மூன்று வருஷக் கணக்கு எழுதிய மேலாளுக்கு இது புதிதாகப் பட்டிருக்காது.

இன்று காரைக்குடியில் படித்துவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் பிள்ளையின் வேலை உத்தரவில், விலகிய பிறகு ஒரு வருஷம் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று ஒரு வரி இருக்கலாம். நிறுவனத்தின் ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு போனால் வழக்கு நிற்கும். வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்ததற்காக மட்டும் என்றால் நிற்காது. அந்த வரியை எழுதிய வழக்கறிஞருக்கும் இது தெரியும். கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் அச்சடிக்கிறார்கள்.