புழுங்கல் அரிசி காப்பாற்றியது, பாதி மட்டும்

நம் பக்கத்தில் சாப்பாடு என்றால் சோறுதான். குழம்பு, கூட்டு, கீரை, மீன் எல்லாம் அதற்குத் துணை. "தொட்டுக்கொள்ள என்ன?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியிலேயே எது பெரிது, எது சிறிது என்பது தெரிந்துவிடும். இந்தத் தொட்டுக்கொள்கிற பொருள்கள் குறைந்து சோறு மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அது ஜப்பானில் தொடங்கி, ஜாவா, மலாயா வழியாக நம் குன்னூருக்கு வந்து சேர்கிறது. நம் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்பதால் எழுதுகிறேன்.

பெரிபெரி என்று ஒரு நோய். முதலில் பாதம் மரத்துப்போகும். பிறகு கால் துவளும், அல்லது வீங்கும். கடைசியில் இருதயம் கைவிடும். அரிசி தின்னும் நாடுகளில் பழங்காலம் முதல் இருந்த நோய்தான் என்றாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் காட்டுத்தீயாகப் பரவியது. நீராவியில் ஓடும் அரிசி ஆலைகள் வந்த காலம் அது. உலக்கையால் குத்திய அரிசியில் கொஞ்சம் தவிடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலை அதை முழுக்க வழித்து எடுத்துவிட்டு, முத்துப்போல அரிசியைக் கொடுத்தது. பார்க்க அழகு, நாள்பட வைத்தாலும் கெடாது. கப்பல், பட்டாளம், சிறை, சுரங்கம் என்று ஆட்களை மொத்தமாக வைத்துச் சோறு போடும் இடங்களுக்கெல்லாம் அந்த அரிசிதான் போனது.

ஜப்பானியக் கடற்படையில் தகாகி கனெஹிரோ என்றொரு வைத்தியர் இருந்தார். லண்டனில் படித்துவிட்டு 1880இல் நாடு திரும்பியவர். 1882இன் கடைசியில் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் என்று நீண்ட பயணம் போனது. கப்பலில் இருந்த 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டது. 25 பேர் இறந்தார்கள். அதிகாரிகளுக்கு நோய் குறைவாகவும், வெள்ளைச் சோற்றையே நம்பியிருந்த சாதாரண மாலுமிகளுக்கு அதிகமாகவும் வருவதைத் தகாகி கவனித்தார். மேலிடத்தில் மன்றாடி, 1884இல் சுகுபா என்ற கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்தார். இந்த முறை இறைச்சி, ரொட்டி, பால் எல்லாம் உணவில் சேர்ந்தன. ஒருவர்கூட இறக்கவில்லை. நோய் கண்டவர்கள் பதினைந்து பேர் அளவில்தான். அவர்களிலும் பலர் புது உணவைத் தொட மறுத்தவர்கள். மாலுமிகளுக்கு ரொட்டி பிடிக்கவில்லை என்பதால், அடுத்த ஆண்டு முதல் சோற்றிலேயே பார்லியைக் கலந்து போட்டார்கள். சில ஆண்டுகளில் கடற்படையில் பெரிபெரி அநேகமாக இல்லாமலே போயிற்று.

தகாகி சொன்ன காரணம் தவறு. புரதம் குறைவதால்தான் இந்த நோய் என்று அவர் நினைத்தார். ஆனால் அவர் செய்த வைத்தியம் சரி. ஒரே பொருள் இருந்த இடத்தில் நாலு பொருளை வைத்தார். காரணம் தவறு என்பதைப் பிடித்துக்கொண்ட தரைப்படை வைத்தியர்கள், இது கிருமி நோய் என்று சாதித்து, வீரர்களுக்கு வெள்ளைச் சோற்றையே போட்டார்கள். அவர்களில் முக்கியமானவர் மோரி ஓகாய், அந்த நாட்டின் பெரிய எழுத்தாளரும்கூட. 1904-05 ரஷ்யப் போரில் ஜப்பானியத் தரைப்படை சுமார் 27 ஆயிரம் பேரைப் பெரிபெரிக்கே பறிகொடுத்தது. பட்டாளத்தில் சேர்ந்தால் வெள்ளைச் சோறு கிடைக்கும் என்பது ஏழைக் குடியானவப் பிள்ளைகளுக்கு ஒரு கவர்ச்சியாக இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால் மனம் கனக்கிறது.

அதே காலத்தில் ஜாவாவில் பட்டாவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மான் என்ற டச்சு வைத்தியர் பெரிபெரிக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். பரிசோதனைக்கு வைத்திருந்த கோழிகளுக்கு 1889இல் கால் இழுத்துக்கொண்டது. சில மாதங்களில் தானாகவே தேறிவிட்டன. விசாரித்தால், ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அவற்றுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், ராணுவச் சோற்றைச் சிவிலியன் கோழிகளுக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட்டார்! அரசு அலுவலகத்தில் காலம் கழித்தவன் என்ற முறையில், ஒரு விதிமுறையைக் கறாராகப் பிடித்ததால் உலகத்துக்கு இப்படி ஒரு நன்மை விளைந்ததே என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

பிறகு போர்டர்மான் என்ற அதிகாரி ஜாவாவில் 101 சிறைகளின் கணக்கை எடுத்தார். தவிடு நீக்காத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் பெரிபெரி. தீட்டிய வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேரில் ஒருவருக்கு. தவிட்டில் ஏதோ இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த ஏதோ ஒன்றுதான் பின்னால் வைட்டமின் பி1, அதாவது தயமின் என்று பெயர் பெற்றது. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. தயமினை 1936இல் செயற்கையாகச் செய்து காட்டிய அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ், பாதிரிமார் வீட்டுப் பிள்ளையாக 1886இல் பிறந்தது எங்கே தெரியுமா? அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். பெயரிலேயே நெல் இருக்கிற ஊர்!

இனி நம்மவர் கதை. மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில், தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு அந்த நோய் வெகு அபூர்வம். அங்கே பணியாற்றிய பிராடன் என்ற வைத்தியர் இதை ஆராய்ந்து 1907இல் ஒரு நூல் எழுதினார். சீனர்கள் தின்றது பச்சரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி, வித்தியாசம் அவ்வளவுதான். அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்பவர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை.

காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டோரம் இருக்கும் தயமின் நீரோடு சேர்ந்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி உள்ளே தங்கிவிடும். நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் தெரியாது. அரிசி நொறுங்காது, பூச்சி சுலபத்தில் விழாது என்பதற்காக அவித்தார்கள். அது உயிரையும் காத்தது. தெற்கே புழுங்கலரிசி தின்ற தமிழ் மாவட்டங்களில் பெரிபெரி அரிதாக இருக்க, பச்சரிசி தின்ற ஆந்திரக் கடற்கரையில் அது வெகுகாலம் நீடித்தது.

இத்தோடு முடித்துவிட்டால் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் கதையின் மறுபாதி குன்னூரில் இருக்கிறது. அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர் உணவு ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் ஏழு பகுதி மக்கள் சாப்பிடுவதை ஏழு கூட்டம் எலிகளுக்கு 140 நாள் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகள் சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. அது முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கள், எப்போதாவது இறைச்சி. பட்டியலின் கடைசியில் நின்றது நம் சென்னை மாகாணத்துச் சாப்பாடு: 155 கிராம். அதில் சோறுதான் மலை. பருப்பும் காயும் பாலும் அதன் அடிவாரத்தில் கொஞ்சம் கொஞ்சம்.

பஞ்சாபிக்குப் பலம் தந்தது கோதுமை மட்டும் அல்ல. தட்டில் பல பொருள்கள் இருந்ததுதான். புழுங்கலரிசி ஒரு நோயிலிருந்து நம்மைக் காப்பாற்றியது. ஒரே பொருளைத் தின்னும் பழக்கத்தின் மற்றக் கெடுதல்களுக்கு அதனிடம் மருந்து இல்லை. குன்னூர் ஆய்வகத்தை அடுத்து நடத்திய அய்க்ராய்டு, நம் நாட்டு உணவுப் பொருள்களின் சத்துப் பட்டியலை 1937இல் வெளியிட்டார். அந்த ஆய்வகம்தான் 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நம் வயதுக்காரர் வீடுகளில் தட்டு மறுபடி சுருங்கி வருகிறது. பல் இல்லை, பிள்ளைகள் வெளியூரில், "ரெண்டு பேருக்கு எதுக்குக் காய்?" என்று மதியம் தயிர்ச்சோறு, இரவும் அதே. துணையை இழந்து தனியாக இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். வயிறு நிரம்பிவிடுவதால் குறை தெரிவதில்லை. ரியூஜோ கப்பலிலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை; வயிறு நிறையச் சோறு தின்றுதான் இறந்தார்கள்.

செலவு பெரிதில்லை. முருங்கைக்கீரையும் பயறும் கேழ்வரகும் கொய்யாவும் பணக்காரர் பண்டம் அல்ல. கீரையை மசித்து, பருப்பைக் குழைய வேகவைத்து, மீனோ முட்டையோ உகந்தவர்கள் அதையும் சேர்த்துக்கொண்டால் பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எது ஆகும், எது ஆகாது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சோற்றை விடச் சொல்லவில்லை, என்னாலும் முடியாது. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் நேற்றுத் தின்னாத ஒன்றை வையுங்கள். தகாகி செய்ததும் அவ்வளவுதான்.