கத்தரிக்காய்க் குடுவையும் ஓடிப்போகும் உலோகமும்

ராஜஸ்தானில், உதய்பூருக்குத் தெற்கே ஜாவர் என்று ஓர் ஊர். அங்கே சில பழைய சுவர்களில் செங்கல்லுக்குப் பதில் கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். எல்லாம் துத்தநாகம் எடுத்த பிறகு தூக்கிப் போட்டவை. மேடு மேடாகக் குவிந்து கிடந்ததால் சுவர் கட்டவும் ஆச்சு.

துத்தநாகம் எடுக்கிறதில் அப்படி என்ன கஷ்டம்? ஈயத்தையும் செம்பையும் உருக்கினால் உலையின் அடியில் தங்கும். துத்தநாகம் தங்காது. தாதுவிலிருந்து அது பிரிய ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஆனால் அது 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிறக்கும்போதே ஆவி! காற்றுப் பட்டால் வெள்ளைப் பொடி. உலையைத் திறந்து பார்த்தால் உலோகம் இருக்காது. அதனால்தான் பித்தளை செய்தவர்கள் நெடுங்காலம் துத்தநாகத் தாதுவையும் செம்பையும் கரியோடு சேர்த்து மூடிச் சுட்டார்கள். துத்தநாகத்தைத் தனியாகக் கண்ணால் பார்க்காமலே பித்தளை செய்தார்கள்.

ஜாவர்க்காரர்கள் அந்த ஆவியைக் கீழ்ப்பக்கமாக ஓட வைத்தார்கள். வறுத்த தாதுவைக் கரி முதலியவற்றோடு குடுவையில் அடைத்து, வாயில் மண்குழாய் பொருத்தி, தலைகீழாகக் கவிழ்த்தார்கள். கவிழ்த்தால் கொட்டிவிடாதா? அதற்குத்தான் வாயில் ஒரு குச்சி. சூட்டில் குச்சி எரிந்துபோகும். அது இருந்த இடமே ஆவி இறங்கும் வழியாகிவிடும். மேல் அறையில் நெருப்பு, நடுவே துளைத் தட்டு, கீழே சூடு குறைந்த அறை. அங்கே வந்துதான் ஆவி உலோகமாகும். ஓர் உலையில் இப்படி 36 குடுவைகள். 1980களில் நடந்த அகழாய்வில் இந்த உலைகள் கிடைத்தன.

ஐரோப்பாவில் 1738-ல் பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிக்கக் காப்புரிமை வாங்கினார். அவர் முறையிலும் ஆவி கீழேதான் இறங்கும். உடனே "ஜாவரைப் பார்த்துக் காப்பி அடிச்சுட்டார்"னு ஃபார்வர்டு வரும். அதற்கு நேரடி ஆதாரம் கிடையாது. ஜாவர் உலைகள் அவருக்குப் பல நூற்றாண்டு மூத்தவை என்பது மட்டும் உறுதி. அந்தப் பெருமைக்கு இது போதாதா?

எனக்கு உறுத்துவது வேறு. சாம்பியன் 1769-ல் திவாலானார். ஆனாலும் காப்புரிமைத் தாளில் பெயர் நின்றுவிட்டது. குச்சி வைத்தால் கொட்டாது என்று கண்டுபிடித்த ஆளுக்குப் பெயரே இல்லை. 'ரசரத்ன சமுச்சயம்' என்ற சமஸ்கிருத நூல் இந்தப் பாத்திரத்தைக் கத்தரிக்காய் மூசை என்றே சொல்கிறது. பாத்திரத்தின் பெயர் ஏட்டில் ஏறியது. வனைந்த கை சுவருக்குள் இருக்கிறது.